குழந்தைக்கு நாலு இடத்தில் சிகிச்சை: யார் கோத்துப் பிடிப்பது?

நீங்கள் கேட்டதன் சாரம் இது. உங்கள் அக்கா மகனுக்கு 20 மாதம். எட்டாம் மாதத்திலேயே தஞ்சாவூரில் பிறந்து, சில வாரம் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவன். இப்போது அப்பா வீட்டில், நீடாமங்கலம் பக்கம் இருக்கிறான். தானாக உட்காருவதில்லை, காலை விறைத்துக்கொள்கிறான், ‘ம்மா’ தவிர வார்த்தை வரவில்லை. ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி என்கிறார்கள், இன்னொன்றில் காது டெஸ்ட் என்கிறார்கள். அக்கம்பக்கத்தில் “ரெண்டு வயசு ஆகட்டும்” என்கிறார்கள். மாமியார் “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, எங்கிருந்து தொடங்குவது?

“ரெண்டு வயசு ஆகட்டும்” என்பதை மட்டும் கேட்காதீர்கள். மற்ற எல்லார் சொல்வதிலும் ஆளுக்குக் கொஞ்சம் சரி இருக்கிறது. நம் காவிரி டெல்டாவில் இந்தக் குழந்தைக்குத் தேவையான சேவைகள் பெரும்பாலும் இருக்கின்றன, அதிலும் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் அவை நாலு துறையில், நாலு கட்டடத்தில், நாலு பதிவேட்டில் கிடக்கின்றன. ஒன்று சொன்னது இன்னொன்றுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பிள்ளைகளின் மாதங்கள் கரைகின்றன. அதை அடைக்க ஒரு ஆள் வேண்டும். இப்போதைக்கு அந்த ஆள் நீங்கள்தான்.

முதலில் வயதுக் கணக்கு. குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த தேதியை மட்டும் வைத்து வளர்ச்சியைப் பார்க்கக் கூடாது. இரண்டு மாதம் முன்னால் பிறந்திருந்தால், 20-லிருந்து அந்த இரண்டைக் கழித்து 18 மாதக் குழந்தையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. குழந்தைகள் பொதுவாக 9 மாதத்துக்குள் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்துவிடுவார்கள், 18 மாதத்துக்குள் நடந்துவிடுவார்கள். அப்பா தாமதமாக நடந்திருக்கலாம். 18 மாதத்தில் உட்காராததும் கால் விறைப்பதும் அதோடு சேர்த்துப் பார்க்கக்கூடிய விஷயமில்லை. இதற்கு என்ன பெயர் என்று நேரில் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. பெயர் தெரியும்வரை பயிற்சியை நிறுத்தி வைக்கவும் தேவையில்லை. விறைத்த தசை நாளாக ஆகக் குறுகிக்கொண்டே போகும். நிற்காத பிள்ளையின் இடுப்பு மூட்டு மெல்லக் கிண்ணத்தை விட்டு விலகக்கூடும், அது வலி தெரியும்வரை வெளியே தெரியாது. அதனால்தான் இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று குழந்தை மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ நீங்களே வாய்திறந்து கேட்க வேண்டும் என்கிறேன்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். தூங்கி எழுந்ததும் தலையை முன்னால் மடக்கி, கையைத் தூக்கி, சட்டென்று குறுகி, சில நொடி விட்டு மறுபடி மறுபடி அப்படியே செய்கிறானா? வீட்டில் “தூக்கிவாரிப் போடுது”, “பயந்திருக்கான்” என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். அப்படி இருந்தால் கீழே எழுதியிருப்பதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

வலிப்பு இல்லையென்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: காதும் கண்ணும் முதலில். பேச்சுப் பயிற்சிக்கு மாதக்கணக்காக அலைந்த பிறகு காது கேட்கவில்லை என்று தெரியவந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. பரிசோதனையில் ‘பாஸ்’ என்று ஒரு சீட்டு இருந்தால் மட்டும் போதாது. அது உள்காது வேலை செய்கிறதா என்றுதான் காட்டும். அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பைப் பார்க்க பெரா பரிசோதனை வேண்டும். கடுமையான மஞ்சள் காமாலையோ பிறக்கும்போது மூச்சுத் திணறலோ இருந்த பிள்ளைகளில் முதலாவது சரியாக இருந்து இரண்டாவது தவறுவது உண்டு. பெராவைத் தூக்கத்தில்தான் எடுப்பார்கள். அன்று விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் கண்ணயர விடாதீர்கள். பலபேர் பஸ்ஸில் நன்றாகத் தூங்கவைத்துக் கொண்டுபோய், அங்கே குழந்தை தூங்காமல், இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தத் தேதி சில சமயம் அடுத்த மாதத்தில் விழும். காதில் கடுமையான குறை என்று உறுதியானால், காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் கிடைக்கிறது. ஆனால் மூன்று வயதுக்கு முன் செய்வதற்கும் ஐந்தரை வயதில் செய்வதற்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் வரும்.

கண்ணுக்கு, பிறந்து நான்கு வாரத்தில் விழித்திரைப் பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அதைச் செய்தாக வேண்டும். எழுதியிருக்கவில்லை என்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு இப்போது கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி அக்காவிடம் இருக்கிறதா? நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். குழந்தை பிறந்தது ஒரு மாவட்டம், வளர்வது இன்னொரு மாவட்டம். தஞ்சாவூர்ப் பக்கம் கிராம சுகாதார செவிலியர் “குழந்தை போயிருச்சு” என்று எழுதி முடித்திருப்பார். நீடாமங்கலம் பக்கம் இருப்பவருக்கு இப்படி ஒரு குழந்தை ஆபத்துப் பட்டியலில் இருந்ததே தெரிந்திருக்காது. தொடர் கண்காணிப்பு அறுந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். அதற்காக எந்தச் செவிலியரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர்கள் தலையில் இருக்கும் வேலை எனக்குத் தெரியும். சம்மரி தொலைந்திருந்தால் பிறந்த மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் எழுதிக்கொடுத்து நகல் வாங்குங்கள்.

இனி, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

சுகாதாரத் துறையில் 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டம் இருக்கிறது, எல்லாரும் ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள். அதன் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். சந்தேகம் உள்ள குழந்தையை அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் மருத்துவமனையில் வழி காட்டுவார்கள். உங்களுக்குத் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தை மருத்துவர், இயன்முறை, பேச்சு மற்றும் செவித்திறன், உளவியல், சிறப்புப் பயிற்றுநர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த மையத்தின் நோக்கமே. நடைமுறையில் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும், ஒருவர் குறிப்பிட்ட கிழமை மட்டும் வருவார். அதனால் போவதற்கு முன் எந்தக் கிழமை யார் இருப்பார்கள் என்று கேட்டு, இருவர் மூவர் சேர்ந்து இருக்கும் நாளில் போங்கள்.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. மாவட்ட அலுவலகம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில். அடையாள அட்டை, உதவித்தொகை, உபகரணம், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் எல்லாம் இவர்கள் கையில். உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்துவருகிறார்கள். உங்கள் வட்டாரத்தில் வந்துவிட்டதா என்று அங்கேயே கேளுங்கள். மூன்றாவது, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம். பள்ளிக்கூட வயது வந்தால்தான் அங்கே போகலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிறந்ததிலிருந்து 18 வயது வரை அவர்கள் பதிவு செய்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் குறிப்பிட்ட நாட்களில் மையத்துக்கு வருவார், வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிப் பயிற்சி உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவ முகாம் போடுவார்கள். திருவாரூருக்கு மாதம் ஒருமுறை, நீடாமங்கலம் வள மையத்துக்கு வாரம் ஒருமுறை என்று பிரித்துக்கொண்டால் அக்காவுக்குத் தாங்கும். நாலாவது அங்கன்வாடி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த நாலு பேரையும் யார் சேர்த்துவைப்பது? அமெரிக்காவில் 1986-ல் வந்த ஒரு சட்டத்தில் இதற்கு விடை எழுதியே வைத்தார்கள். பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை வளர்ச்சித் தாமதம் உள்ள ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் பெயர் சொல்லி ஒரு சேவை ஒருங்கிணைப்பாளர். தகவல் வந்து 45 நாட்களுக்குள் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுத்தில் ஒரு திட்டம் போட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குழந்தைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்துக் கண்டறிய வேண்டும் என்று இருக்கிறது. கண்டறிந்த பிறகு அந்த வீட்டுக்கு இன்னார் பொறுப்பு என்று ஒரு ஆளை அது காட்டவில்லை. பணம் இல்லாததைவிட, கட்டடம் இல்லாததைவிட, இதுதான் பெரிய குறை என்பது என் கருத்து. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் பல ஆண்டுகளாக இதை வேறு மாதிரி செய்துகாட்டுகிறது. ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, ஒரே பணியாளர் வீடு தேடி வருவார். பின்னால் இருந்து நிபுணர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். தாய்க்கு ஒரு முகம்தான், ஒரு போன் நம்பர்தான். டெல்டாவில் ஊருக்கு ஊர் இது இல்லாதவரை, வீட்டில் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவே அதையும் சுமக்க வேண்டாம். சித்தி, மாமா, படித்த அத்தை மகள் யாராவது இருக்கட்டும்.

அந்த ஆளுக்கு முக்கியமான கருவி ஒரு 80 பக்க நோட்டு. முதல் பக்கத்தில் பிறந்த விவரம்: எத்தனை வாரம், எடை, அழுதானா, எத்தனை நாள் சூட்டுப் பெட்டியில், மஞ்சள் காமாலைக்கு விளக்கொளி வைத்தார்களா, வலிப்பு வந்ததா. இது ஒரு பக்கத்தில் இருந்தால் புது டாக்டர் ஒவ்வொருவரிடமும் அக்கா முதலிலிருந்து அழுதுகொண்டே சொல்ல வேண்டியதில்லை. அடுத்த பக்கங்களில், போகும் இடத்திலெல்லாம் தேதி போட்டு மூன்று வரி: என்ன பார்த்தார்கள், வீட்டில் என்ன செய்யச் சொன்னார்கள், அடுத்து எப்போது. அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தருவார்கள். பிசியோதெரபிஸ்ட் எழுதியதைப் பேச்சுப் பயிற்சியாளர் அதே நோட்டில் படிக்கும்போது பாதி ஒருங்கிணைப்பு அங்கேயே நடந்துவிடுகிறது. ஒருமுறை ஒரு வீட்டில் ஒரே குழந்தைக்கு, மூன்று இடத்தில் வாங்கிய மூன்று தாள்களில், ஒரு நாளைக்கு மொத்தம் நாலு மணி நேரத்துக்குமேல் பயிற்சி எழுதியிருந்தது. அந்த அம்மா நடவுக்குப் போகிறவர். எதையுமே செய்ய முடியாமல், செய்யவில்லை என்ற குற்ற உணர்ச்சியில், மையத்துக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று தாளும் சரிதான். மூன்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அதனால் நிபுணர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது, “அடுத்த மூன்று மாதத்துக்கு இவனுக்கு எந்த ஒன்று முக்கியம்?” என்பது. உங்கள் பிள்ளைக்கு அது ‘தாங்கி உட்கார்ந்து சாப்பிடுவது’ என்று இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த ஒன்றிலேயே பிசியோ, பேச்சு, சாப்பாடு எல்லாம் வந்துவிடும். இங்கே பாட்டிமார் மடியில் மல்லாத்திப் போட்டுப் பாலாடையில் ஊற்றுவார்கள், பிள்ளை இருமும், கண்ணில் நீர் வரும், “பொறை ஏறிருச்சு” என்று தலையில் தட்டுவார்கள். தசை விறைப்புள்ள பிள்ளைக்கு அப்படிப் புரையேறுவது நுரையீரலில் போய் நிமோனியாவாகலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, தலை லேசாக முன்னால் இருக்க, குழைத்த பருப்புச் சாதத்தைச் சின்னக் கரண்டியில் முன்பக்கமாகக் கொடுக்க வேண்டும். சுவர் மூலையில் இரண்டு தலையணை வைத்தோ, தச்சரிடம் சொல்லி மூலை நாற்காலி செய்தோ உட்கார வைக்கலாம். அளவைப் பிசியோதெரபிஸ்ட் தருவார். ஒவ்வொரு வாய்க்கும் முன் “ஆ காட்டு” என்று சொல்லி அவன் பார்க்கும்வரை காத்திருங்கள். பேச்சுப் பயிற்சி அங்கிருந்தே தொடங்குகிறது.

மாமியாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் இருக்கும் பழக்கங்களிலேயே பாதி நமக்கு வேண்டியவை. இடுப்பில் கால் அகட்டித் தூக்கிவைத்துக்கொள்வது, கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும் கால்களுக்கு நல்ல நிலை. காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டும்போது, வெதுவெதுப்பான தண்ணீரில் தசை இளகியிருக்கும். கணுக்காலையும் தொடையையும் மெதுவாக நீட்டிவிட அதைவிட நல்ல நேரம் இல்லை. மணலில் இடுப்பளவு குழி தோண்டி நிறுத்துவார்கள். தாங்கி நிற்கவைப்பது என்ற எண்ணம் சரி, ஆனால் பாதம் வளைந்தபடியே நின்றால் கெடுதல். அதற்குப் பதில் பாதத்தை நேராகப் பிடிக்கும் கால் அச்சும், பிள்ளையைத் தாங்கி நிறுத்தும் சட்டமும் கேட்டு வாங்குங்கள். சக்கரம் வைத்த வாக்கரில் மட்டும் தொங்கவிடாதீர்கள். வைத்தீஸ்வரன் கோயிலுக்கோ நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ வேண்டுதல் இருந்தால் போய்வாருங்கள். பயிற்சி நாளை அதற்காக விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தேதிகளை வயல் வேலையை வைத்துத்தான் போட வேண்டும், இதை எந்த மையமும் தானாகச் செய்வதில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு, பிறகு களை, சம்பா, தாளடி என்று கூலி வேலை இருக்கும் நாட்களில் தாய்க்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வாய்க்கால் கரை வழியாக விறைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வருவதே பெரும்பாடு. பெரிய பரிசோதனைகளை மழைக்கு முன் முடித்துவிடுங்கள். மழை மாதங்களில் வீட்டுவழிப் பயிற்சியையும் வீடியோ அழைப்பையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். உளுந்து, பயறு எடுத்து முடிந்த கோடையில் மையத்துக்கு அடிக்கடி போகலாம். சிகிச்சைக்குப் போய்வர இலவசப் பஸ் பாஸ் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

தாள் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யு.டி.ஐ.டி. எனும் தனித்துவ அடையாள அட்டை முதலில், மற்ற எல்லாம் அதன் பின்னால் வரும். “அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆகிவிடும்” என்று வீட்டில் தயங்குவார்கள். சிறு குழந்தைக்குத் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்று, பிறகு மறுபடி பார்ப்பார்கள், முன்னேறினால் அதையும் எழுதுவார்கள். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று உறுதியானால் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிரமயா என்ற மருத்துவக் காப்பீடு உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் அடங்கும். நம் பக்கம் இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மாநில அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய், பாதிப்பின் வகையையும் சதவீதத்தையும் பொறுத்தது. ஒன்று மட்டும்: அட்டை வரும்வரை பயிற்சி கிடையாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சிக்கு அட்டை தேவையில்லை. எங்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனுவில் குழந்தையின் வயதை மாதத்தில் எழுதுங்கள், எத்தனை மாதமாக எதற்குக் காத்திருக்கிறோம் என்றும் எழுதுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வட்டார அளவில் மாதம் ஒருமுறை ஆர்.பி.எஸ்.கே. மருத்துவர், வள மைய சிறப்புப் பயிற்றுநர், அங்கன்வாடி மேற்பார்வையாளர், செவிலியர் நாலு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஒப்பிட்டாலே, யார் யாருடைய கணக்கிலும் இல்லாத பிள்ளை என்று தெரிந்துவிடும். புது ஆணை எதுவும் இதற்கு வேண்டியதில்லை. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த நால்வரில் ஒருவரின் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும், அந்த நம்பர் தாயிடமும் இருக்க வேண்டும்.

அங்கன்வாடிக்கு வருகிறேன். “நடக்காத பிள்ளையை எப்படி வச்சுக்கிறது” என்று அங்கே தயங்குவது இயல்புதான். 2023 நவம்பரில் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே அங்கன்வாடி நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. கண்டறிவது, மையத்தில் சேர்த்துக்கொள்வது, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது எல்லாம் அதில் அவர்கள் பொறுப்பு. முதலில் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து யாராவது கூட இருந்து, மூலை நாற்காலியையும் எடுத்துப்போய்ப் பழக்குங்கள். மற்ற பிள்ளைகள் பாட்டுப் பாடி அபிநயம் பிடிப்பதைப் பார்த்துக் கையை நீட்டுவதற்கு எந்தத் தெரபி அறையும் ஈடாகாது. பள்ளிக்குப் போகும்போது வட்டார வள மையத்தில் இவன் பெயர் ஏற்கெனவே இருக்கும், நோட்டும் இருக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசியும் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். போடாவிட்டால் அன்று போட்டுக்கொண்டு, அதே கையோடு மருத்துவ அலுவலரிடம் திருவாரூர் டி.இ.ஐ.சி.க்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கிவிடுங்கள். பெரா தேதி கிடைத்ததும் எழுதுங்கள், அதன் முடிவைப் பார்த்துப் பேச்சுப் பயிற்சியைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன்.